உச்சவரம்புக்காரர்

மனித இனத்தில் உச்சவரம்புக்காரர் என்று ஒரு பிரிவு உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. பெயர் வைக்காமல் விட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். இன்று அந்தக் குறையைத் தீர்த்துவிடுவோம்.

இவர் 'உண்டு' என்று சொல்ல மாட்டார். 'இல்லை' என்றும் சொல்ல மாட்டார். 'இருந்தாலும் இதற்கு மேல் இருக்காது' என்பார். சொல்லிவிட்டு, கேட்டவருக்கு ஒரு வீட்டுமனையையே எழுதிக் கொடுத்துவிட்ட திருப்தியோடு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள். "அரைக் கிலோவத் தாண்டாது." காய்ச்சலா என்று கேளுங்கள். "நூத்தி ரெண்டுக்கு மேல போக வாய்ப்பில்ல." சர்க்கரை டப்பா காலியாகக் கிடக்கும், உடம்பு ஐஸ் மாதிரி இருக்கும், இரண்டு பதிலிலும் ஒரு தப்பு கண்டுபிடியுங்கள், பார்ப்போம். முடியாது. இந்த இனத்தின் பலமே அதுதான். இதுவரை யாரும் இவர்களைப் பொய்யர் என்று நிரூபித்ததில்லை. அதேபோல, இவர்களிடம் கேள்வி கேட்டு உருப்பட்டவரும் இல்லை.

எலும்பு டாக்டர்களில், கல்யாணத் தரகர்களில், பிள்ளையின் மதிப்பெண் பற்றிப் பேசும் வாத்தியார்களில் எல்லாம் இவர்கள் பரவியிருக்கிறார்கள். ஆனால் கலப்பில்லாத அசல் ரகம் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் கல்பாக்கத்துக்கு வர வேண்டும். வந்து, அணுமின் நிலையக் குடியிருப்பில் தாமோதரன் சார் வீடு எது என்று கேட்க வேண்டும். அவரிடமே மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இந்தத் தெருவத் தாண்டி இருக்காது" என்பார்.

தாமோதரன் சாருக்குப் பகலில் ஒரு வேலை, மாலையில் ஒரு காதல். பகலில், குழாய்களில் சூடு எங்கே கசிகிறது என்று கணக்குப் போடுவார். சம்பளம் அதற்குத்தான். மாலையில் பிரபஞ்சத்தில் சூடு எங்கே கசிகிறது என்று கணக்குப் போடுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஐந்தாறு நாடுகளில் கூட்டாளிகள் உண்டு, எல்லோரும் இதே இனம்.

அது என்ன கணக்கு? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கதைக்கு வேண்டியிருக்கிறது. இந்த உலகத்தில் மிக மிக லேசான துகள்கள் சில இருக்கலாம் என்று பெரியவர்களுக்கு ஒரு சந்தேகம். அதில் ஒன்றுக்கு ஆக்சியான் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பிள்ளை பிறந்ததா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அது உங்கள் உடம்புக்குள் நுழைந்து மறுபக்கமாகப் போய்விடும், மரியாதைக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாது. இப்படிப்பட்டதை எப்படிப் பிடிப்பது? பிடிக்க முடியாது. ஆகவே, அது இருந்திருந்தால் வேறு எங்காவது கணக்கு உதைத்திருக்க வேண்டுமே என்று பார்க்கிறார்கள். பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோது இந்தத் துகள்கள் கூட்டமாக இருந்திருந்தால், பிரபஞ்சம் இன்னும் கொஞ்சம் அவசரமாக விரிந்திருக்கும். அந்த அவசரத்தின் தடம் இன்றும் வானமெங்கும் பரவிக் கிடக்கிற ஆதி வெளிச்சத்தில் பதிந்திருக்கும். நட்சத்திரத்துக்குள் இவை பிறந்திருந்தால், சூட்டைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே ஓடியிருக்கும். நட்சத்திரம் சீக்கிரமே ஆறிப் போயிருக்கும். தொலைநோக்கிகளை வைத்துப் பார்த்தார்கள். ஆதி வெளிச்சத்தில் அவசரம் தெரியவில்லை. நட்சத்திரமும் ஆறவில்லை.

அப்படியானால் துகள் இல்லை என்றுதானே அர்த்தம்?

அடடா, இவ்வளவு அவசரக்காரரா நீங்கள்! இருந்தாலும் இவ்வளவுக்கு மேல் இருக்காது என்று அர்த்தம்.

இதைப் படமாகப் போடுவதில் தாமோதரன் சார் மன்னன். படுக்கைக் கோட்டில் துகளின் எடை, செங்குத்துக் கோட்டில் அது மற்றவற்றோடு ஒட்டி உறவாடும் பலம். எங்கெல்லாம் அது இருக்க முடியாதோ அங்கெல்லாம் கறுப்பு அடிக்க வேண்டும். மிச்சம் வெள்ளை. அடியில், 'இன்னின்ன அனுமானங்களின் பேரில்' என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. சர்வீஸ் முழுக்க அவர் கறுப்பு அடித்தார். மற்றவர்கள் எதையாவது கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார்கள். இவர் எதையுமே கண்டுபிடிக்காமல் பெயர் வாங்கினார். சிரிக்காதீர்கள். தேட வேண்டாத இடம் எது என்று உலகத்துக்குச் சொல்வதும் பெரிய தொண்டுதான். அதை வீட்டுக்குக் கொண்டுவரும்போதுதான் தொல்லை.

வண்டிச் சாவியைக் காணோம் என்றால் மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரம்பிப்பார். ஃபிரிட்ஜ் மேல் இருக்க முடியாது, நேற்றே துடைத்தாகிவிட்டது. பூஜை அலமாரியில் இருக்க முடியாது, அந்தப் பக்கம் அவர் போவதில்லை. ஆகவே கழற்றிப் போட்ட சட்டைப் பையில் இருப்பதை மட்டும் மறுக்க முடியாது. சரி, போய்ப் பார்ப்பாரா? பார்க்க மாட்டார். கறுப்பு அடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. தேடுவது வேறு துறை. அந்தத் துறையின் தலைவி, உறுப்பினர், கடைநிலை ஊழியர் எல்லாம் அவருடைய மனைவி வசுமதி.

காலையில் ஆபீஸ் பஸ் நிறுத்தத்துக்கு மூச்சிரைக்க ஓடிவருவார் கிருபாகரன். பக்கத்து செக்‌ஷன்காரர், மாமல்லபுரத்துப் பக்கத்து ஆள்.

"சார், பஸ்ஸு பூட்ச்சா?"

"போயிருந்தாலும் சதுரங்கப்பட்டினத்தத் தாண்டியிருக்காது."

"நான் இன்னா சார் கேட்டேன்? பூட்ச்சா, பூடலியா?"

"நான் இங்க வந்ததுக்கப்புறம் போகல. அதுக்கு முந்தி போனதப் பத்தி என்கிட்ட தகவல் இல்ல."

"உங்களாண்ட கேட்ட நேரத்துக்கு நடந்துகினே போயிருப்பேன் சார்!"

இப்படிச் சிரிப்பும் புலம்பலுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒருவருக்குப் பணி ஓய்வு என்று ஒரு நாள் வரும். அந்த நாளை மட்டும் உச்சவரம்பாக வைத்துக்கொள்ள முடியாது. ஆணையில் தேதியே போட்டிருப்பார்கள். ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் எங்கேயாவது போக வேண்டும். எங்கே?

வசுமதிக்கு இதில் குழப்பமே இல்லை. கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து வந்த நாள் முதல் அவர் ஆபீஸ் ஒதுக்கீட்டு வீடுகளில்தான் குடியிருக்கிறார். ஒதுக்கீட்டு வீட்டில் எல்லாம் உண்டு. தண்ணீர் உண்டு, மின்சாரம் உண்டு, வேப்ப மர நிழல் உண்டு. சுவரில் ஆணி அடிக்க மட்டும் தாமோதரன் சார் விடமாட்டார். காலி செய்யும்போது ஓட்டையைக் காட்டிக் கேள்வி கேட்டால் என்ன செய்வது? ஆகவே கல்யாணப் போட்டோ பீரோவின் மேல் சாய்ந்தே இத்தனை வருஷத்தைக் கழித்தது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. தனக்கென்று ஒரு சுவர், அதில் நினைத்த இடத்தில் ஓர் ஆணி. வசுமதி கேட்டது இவ்வளவுதான். கடப்பாக்கத்தில், கோட்டை இடிபாடு இருக்கிற அந்தக் காயல் ஓரத்துக்கு ஒருமுறை சுற்றுலா போனபோது, காசியம்மாள் என்பவரின் மாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டதால் மேல்வீடு சும்மாதான் கிடந்தது.

"ஏங்க, அந்த வீட்டுக்கே போயிடலாமா?"

"கடப்பாக்கம்... அத இப்பவே முழுசா மறுக்க முடியாது. மொதல்ல மாவட்டம் பூராவும் பாத்துடுவோம்."

பார்த்தார். எப்படி? செங்கல்பட்டு மாவட்ட வரைபடம் ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் போட்டு, கறுப்பு மார்க்கரைக் கையில் எடுத்தார். அப்புறம் அந்த வீட்டில் சாப்பாடு மடியில்தான். கடலிலிருந்து கூப்பிடு தூரம் வரை கறுப்பு. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். ஏரிக்கரை எல்லாம் கறுப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து விசாரிக்கும். செங்கல்பட்டு நகரம் கறுப்பு, ரயில் சத்தம். ரயில் சத்தம் கேட்காத ஊர்கள் கறுப்பு. ரயில் இல்லாத ஊரில் எப்படி இருப்பது? மாமல்லபுரம் கறுப்பு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். திருக்கழுக்குன்றம் கறுப்பு, ஏன் என்று அவருக்கே மறந்துவிட்டது. ஆனால் அடித்த கறுப்பை அழிப்பது அவர்கள் சம்பிரதாயத்தில் கிடையாது.

"கடப்பாக்கம்?" என்றார் வசுமதி.

"அது போன வாரமே போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"கறுப்புக்குள்ள."

கடைசியில் வெள்ளையாக மிஞ்சியது செய்யூர்ப் பக்கம் ஓர் உப்பளம். அங்கே வீடு கிடையாது. "ஆனா கொள்கை அளவுல தடையே இல்ல" என்றார் சார், முகமெல்லாம் மலர்ந்து. தனக்குப் பிடித்த மாதிரி ஒரு வெள்ளை இடம் மிஞ்சிவிட்டால் அவருக்கு அன்றைக்குத் தீபாவளி.

அன்றோடு வசுமதி கேட்பதை நிறுத்திவிட்டார். இந்த இடத்தில் நீங்களும் நானும் பயந்திருப்போம். கேட்டுக்கொண்டே இருந்த மனைவி கேட்பதை நிறுத்தினால் வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று பாத்திரம் துலக்குகிற நாருக்குக்கூடத் தெரியும். சார் என்ன நினைத்தார் தெரியுமா? வரைபடத்தை வசுமதி ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தார்.

பிறகு, அந்த வீட்டிலிருந்து பொருள்கள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. முதலில் விருந்தாளிப் பாய்கள். அப்புறம் அண்டா. பித்தளைக் குத்துவிளக்கு. இட்லிக் கொப்பரை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பிரபஞ்சத்திலிருந்து ஒரு கைப்பிடி சூடு காணாமல் போயிருந்தால் அதை விரல்நுனியில் சொல்லக்கூடிய மனிதர், தன் வீட்டு ஹாலிலிருந்து ஒரு பீரோ போனதைக் கவனிக்கவில்லை. கவனித்தது ஒன்றே ஒன்று: நடக்க இடம் தாராளமாக இருந்தது. "வீடு கொஞ்சம் விரிஞ்ச மாதிரி இருக்கே" என்று ஒருநாள் சொல்லவும் சொன்னார். வசுமதி, "ஆமா, இருக்கும்" என்றார்.

ஏதோ திருட்டுத்தனமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். பட்டப்பகலில் நடந்தது. புதுப்பட்டினம் சாம், குட்டியானை வேன் ஓட்டுகிறவர், ஒரு சனிக்கிழமை காலை மாவு அரைக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். எதிரே சார்.

"தள்ளிக்கோ சார், கால்ல போட்டுடப் போறேன்!"

"கிரைண்டர் எங்க போகுது சாம்?"

"கடப்பாக்கம் போவுது சார்."

"சர்வீசுக்கு அவ்வளவு தூரமா? புதுப்பட்டினத்துலயே பண்றாங்களே."

சாம் கிரைண்டரை ஒரு படியில் இறக்கி வைத்துவிட்டு மாடியைப் பார்த்தார். வசுமதி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், நெசமாவே தெரியாமத்தான் கேக்கறியா, இல்ல கலாய்க்கிறியா?"

"கல்லு தேஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். அதுக்கு மேல பெரிய ரிப்பேரா இருக்காது" என்று சொல்லி, வண்டிக் கதவையும் சாரே திறந்து பிடித்தார். கிரைண்டர் ஏறியதும் தட்டிக்கொடுத்தார். தன் வீடு காலியாவதற்குத் தானே கைகொடுத்து உதவிய ஆராய்ச்சியாளர் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கடைசி லோடு ஏற வேண்டிய காலை விடிந்தது. சார் எழுந்தார், பல் துலக்கினார், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்காரப் போனார். நாற்காலி இல்லை. அதனால் நின்றார். நாற்காலி இல்லாதது அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் காபி வரவில்லை. சமையலறைக்குப் போனார். மேடையில் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு காபிக் கறை மட்டும் இருந்தது.

தாமோதரன் சார் அந்த வட்டத்தையே பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான், வாசகரே, அவர் வாழ்க்கையின் முதல் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. சட்டென்று நிகழ்ந்துவிடவில்லை; முறைப்படி நிகழ்ந்தது. எலி இழுத்துப் போயிருக்கலாமா? பித்தளை ஃபில்டரை இழுக்கிற எலி கல்பாக்கத்தில் இல்லை. பக்கத்து வீட்டுக்கு இரவலா? அவர்கள் டீக்காரர்கள். திருடனா? திருடன் ஃபில்டரை எடுத்துவிட்டு மடிக்கணினியை விட்டுப் போவானா? தலையைத் தூக்கினார். அலமாரி காலி. கொடி காலி. ஹாலுக்கு வந்தார். பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் வெளுப்பாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, இந்த வீட்டின் சூட்டையெல்லாம் வெளியே கொண்டுபோயிருக்கிறது. கிரைண்டர் போன கடப்பாக்கம் உட்பட எல்லாம் பொருந்தியது. கணக்கில் ஒரு பிசிறுகூட இல்லை.

"வசு!" என்று கத்தினார். "வீட்டுல ஏதோ நடக்குது!"

வசுமதி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தார். கையில் கல்யாணப் போட்டோ.

"என்ன நடக்குதாம்?"

"நீ... நீ கடப்பாக்கத்துக்குப் போற."

"எவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"முழுசா."

"பரவால்லயே! கண்டுபிடிச்சுட்டீங்களே!" வசுமதிக்குச் சிரிப்பு வந்தது, கண் ஓரத்தில் அது சிரிப்பாக மட்டும் இல்லை. "சொல்லாமக் கொள்ளாமப் போயிடலாமான்னுகூட நெனச்சேன். எத்தன நாளைக்கு அப்புறம் தெரியும்னு பாக்கலாம்னு."

"ஆனா கடப்பாக்கம் கறுப்புல இருக்கு வசு. எல்லாத்தையும் கணக்குல எடுத்துத்தான் போட்டேன். கடல், துரு, ரயில், ஆஸ்பத்திரி..."

"உங்க படத்துக்கெல்லாம் கீழ பொடி எழுத்துல ஒரு வரி போடுவீங்களே, என்னது அது?"

"அனுமானம்."

"இந்தப் படத்துல அது எங்க?"

சார் யோசித்தார். மேஜை போய்விட்டதால் வரைபடம் தரையில் கிடந்தது. அதன் அடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நான் சொல்லட்டுமா? 'வசுமதி எங்கயும் போக மாட்டா. நான் எங்க இருக்கேனோ அங்கதான் இருப்பா.' அது தப்புன்னா உங்க கறுப்பெல்லாம் என்ன ஆகும்?"

"எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடணும்" என்றார் சார் மெதுவாக. ஓர் உச்சவரம்புக்காரர் தன் கறுப்பைப் பற்றி இப்படிச் சொல்வது, ஒரு கோட்டை இடிந்து விழுவதற்குச் சமம்.

கீழே ஹாரன் அடித்தது. சாம் கழுத்தை வெளியே நீட்டினார்.

"அம்மா! வெயில் ஏறிகினு கீது. சீக்கிரம் வாங்க. சார் வர்றாரா, இல்லியா? சொல்லிட்டா முன் சீட்டக் காலி பண்ணுவேன். இல்லன்னா அதுல மிக்சிய வெச்சிடுவேன்."

வசுமதி கணவரைப் பார்த்தார். "கேக்குறாருல்ல. வர்றீங்களா, இல்லையா?"

தாமோதரன் சாரின் வாய் திறந்ததை நான் விவரிக்க வேண்டும். அதில் பழைய பதில்களெல்லாம் வரிசையில் நின்றன. 'வராமல் இருப்பதற்கான வாய்ப்பு...' என்று ஒன்று. 'தற்போதைய தகவலின்படி...' என்று ஒன்று. மறுக்க முடியாது, புறந்தள்ள இயலாது, கொள்கை அளவில். எல்லாம் உதடு வரை வந்து, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

"வரேன்" என்றார்.

அவ்வளவுதான். எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை. கீழே பொடி எழுத்துக்கூட இல்லை.

கடப்பாக்கத்து மாடியில் காசியம்மாள் கதவைத் திறந்துவிட்டு நின்றார். சுற்றிலும் உப்புக்காற்று, ஜன்னல் கம்பிகளில் துரு, சார் கணித்த அதே அளவுக்கு. அதைத் தடவிப் பார்த்து ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"இன்னா சார், சும்மா தடவிகினே கீறீங்க? வூடு புடிச்சிருக்கா, இல்லியா?"

"விலக்கறதுக்குக் காரணம் ஒண்ணும் தெரியல" என்றார் சார்.

காசியம்மாள் வசுமதியின் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொல்றாரு?"

"ரொம்பப் புடிச்சிருக்காம்" என்றார் வசுமதி. இத்தனை வருஷத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பு நன்றாகவே வந்துவிட்டது. பிறகு ஓர் ஆணியையும் சுத்தியலையும் கணவரிடம் நீட்டி, சுவரில் ஓர் இடத்தைச் சுட்டு விரலால் காட்டினார். "இங்க."

சார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இங்க உள்ள ஒயர் போகுதான்னு..."

"ஏங்க."

அடித்தார். ஆணி கொஞ்சம் சாய்வாகத்தான் இறங்கியது. போட்டோவும் அதே சாய்வில் தொங்கியது. பக்கத்தில் இரண்டாவதாக ஓர் ஆணி அடித்து, அந்த மாவட்ட வரைபடத்தையும் வசுமதி மாட்டிவிட்டார். வந்தவர்கள் எல்லாம், இந்தப் படத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "அதோ, அந்தக் கறுப்புல" என்று சார் கைகாட்டுகிறார். முகத்தில் ஒளி வீசுகிறது. உப்பளம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

சரி, சிரித்தது போதும். இப்போது உங்களைப் பற்றி. நீங்கள் இந்த இனம் இல்லையே? 'நானா? அப்படியெல்லாம் இருக்காது' என்கிறீர்கள். கவனித்தீர்களா, 'இல்லை' என்று சொல்லவில்லை. போன மாதம் வீட்டில் யாரோ உங்களிடம் ஒன்று கேட்டார்கள், 'பார்க்கலாம்' என்றீர்கள், அப்புறம் அவர்கள் கேட்கவில்லை. சம்மதித்துவிட்டார்கள் என்று நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள்.

இருங்கள். ஆனால் இந்தப் பக்கத்தை மூடியதும் ஒருநடை சமையலறைக்குப் போய், ஃபில்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.